புடாபெஸ்ட்டில் ஒரே ஒரு சனிக்கிழமை: சந்தையில் என்ன வாங்கலாம், சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

அரைவயிறு:

எல்லோருக்கும் வணக்கம். வியன்னாவில் ஒரு செமஸ்டர் படிக்க வந்திருக்கிறேன், வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வரும் சனிக்கிழமை விடுதித் தோழிகள் இரண்டு பேரோடு புடாபெஸ்ட் போய்விட்டு அன்று ராத்திரியே திரும்புவதாகத் திட்டம். அவர்களுக்குக் கோட்டை, பாலம் என்று பெரிய பட்டியல் இருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்றுதான், சந்தை. ஊரில் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு அப்பாவோடு பை தூக்கிக்கொண்டு போய் வளர்ந்தவள் நான், எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தக்காளி என்ன விலை என்று பார்த்தால்தான் அந்த ஊருக்கு வந்த மாதிரியே இருக்கும்.

கறி, மீன் சாப்பிட மாட்டேன். முட்டை சாப்பிடுவேன். ஹங்கேரி என்றாலே மாட்டுக்கறிக் குழம்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அன்றைக்கு முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும்தானா? ரயில் டிக்கெட் போகக் கையில் நாற்பது யூரோ வைத்திருக்கிறேன், சாப்பாடு, சாமான் எல்லாம் அதற்குள்.

அப்புறம் அம்மா ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறாள். அந்த ஊர் மிளகாய்த்தூள் பிரமாதமாமே, ஒரு கிலோ வாங்கி வா என்கிறாள். கசகசாவும் அங்கே மலிவு என்று யாரோ சொன்னார்களாம், அதுவும் அரைக் கிலோ. பிப்ரவரியில் துபாய் வழியாக ஊருக்குப் போகிறேன், அதுவரை அறையில் வைத்திருந்தால் கெடாமல் இருக்குமா? மொழி சுத்தமாகத் தெரியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரயில்கிறுக்கன்:

சந்தைக்கு வழி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வியன்னா ரயில் கெலெத்தி நிலையத்தில் இறக்கிவிடும். வெளியே வந்து டாக்ஸிக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் நேராக நான்காம் எண் மெட்ரோவுக்குக் கீழே இறங்குங்கள், பச்சை நிறம் போட்டிருக்கும், நான்காவது ஸ்டேஷன் ஃபோவாம் தேர். படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் பச்சை இரும்புப் பாலம், இன்னொரு பக்கம் சந்தைக் கட்டடம், தேட வேண்டியதே இல்லை. முக்கியமான விஷயம், காகித டிக்கெட் வாங்கினால் போதாது, உள்ளே நுழையும்போது மெஷினில் முத்திரை குத்த வேண்டும். நான் குத்தாமல் போய்ப் பரிசோதகரிடம் மாட்டி, "டிக்கெட் இதோ இருக்கிறதே" என்று காட்டியும் அபராதம் கட்டினேன். அந்தக் காசில் மூன்று வேளை சாப்பிட்டிருக்கலாம்.

பெஸ்ட்_பக்கம்:

தங்கச்சி, ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அந்தக் கட்டடத்தின் பெயர் நொட்யவாஷார்ச்சார்னோக். உச்சரித்து முடிப்பதற்குள் கடையை மூடிவிடுவார்கள், அதனால் பெரிய சந்தை என்றே வைத்துக்கொள்வோம். 1897-ல் திறந்தது, மேலே வண்ண ஓடு வேய்ந்த கூரை, உள்ளே முழுக்க இரும்புத் தூண்கள், பார்ப்பதற்கு ரயில் நிலையம் மாதிரி இருக்கும். சனிக்கிழமை போகிறாய், நல்லது. ஆனால் சனிக்கிழமை மற்ற நாட்களைவிட சீக்கிரமே கட்டிவிடுவார்கள், மத்தியானத்துக்கு மேல் போனால் பாதிக் கடையில் தார்ப்பாய் போட்டிருக்கும். கோட்டை எங்கேயும் ஓடிப்போகாது என்று தோழிகளிடம் சொல்லிவிட்டு முதலில் சந்தைக்குப் போ.

மூன்று தளம். மாடியில் சாப்பாட்டுக் கடைகளும் பூவேலை செய்த மேஜைத் துணிகளும், சுற்றுலாக்காரர்கள் மொத்தப் பேரும் அங்கேதான் நெரிபடுவார்கள். தரைத்தளம் காய்கறி, பழம், இறைச்சி, அப்புறம் பாப்ரிகா, அதாவது இந்த ஊர் மிளகாயும் அதன் தூளும். அடித்தளத்துக்குப் பலர் இறங்குவதே இல்லை, அங்கேதான் ஊறுகாய்க் கடைகள். ஊறுகாய் என்றால் எண்ணெய் விட்டது இல்லை, உப்பும் காடியும் சேர்ந்த தண்ணீரில் ஊறவைத்தது. வெள்ளரி, முட்டைக்கோஸ், சின்ன தர்ப்பூசணி, பூண்டு எல்லாம் ஜாடி ஜாடியாக இருக்கும். சில ஜாடிகளில் காயைச் செதுக்கிக் கண், மூக்கு, வாய் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், மாடியில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே செலவழி.

விலை எழுதிய அட்டையைப் பார்க்கத் தெரிந்துகொள். எஃப்டி, கேஜி என்று இருந்தால் கிலோவுக்கு இத்தனை ஃபோரின்ட், அதுதான் இந்த ஊர்க் காசு. டிபி என்று இருந்தால் ஒன்றுக்கு இத்தனை. பலர் டிபி விலையைக் கிலோ விலை என்று நினைத்து ஐந்து மாதுளையைப் பையில் போட்டுவிட்டு அப்புறம் முழிப்பார்கள். நானூறு ஃபோரின்ட் சுமாராக ஒரு யூரோ என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது சுலபம். கார்டு பெரும்பாலும் எடுப்பார்கள், வயதான பாட்டிகள் கடையில் மட்டும் ரொக்கம் கேட்பார்கள். ஏடிஎம் மெஷின் "யூரோவிலேயே கணக்குப் போடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு, அது உனக்காகக் கேட்பதில்லை.

எடை கேட்பது தெக்காவில். ஒரு தெக்கா என்றால் பத்து கிராம். வியன்னாவிலும் சீஸ் கவுன்ட்டரில் இதே கணக்கைக் கேட்டிருப்பாய். கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்டுப் பழகிய நமக்கு முதலில் கை வராது, ஆனால் இருபது தெக்கா, முப்பது தெக்கா என்று கேட்டால் உள்ளூர் ஆள் மாதிரி பார்ப்பார்கள். பழத்தை நீயே பொறுக்கி அமுக்கிப் பார்க்காதே, பல கடைகளில் அவர்கள்தான் எடுத்துப் போடுவார்கள், கையை நீட்டினால் முறைப்பார்கள். பாளையங்கோட்டைப் பழக்கம் இங்கே செல்லாது.

சைவத்துக்கு வருகிறேன். லாங்கோஷ் என்று ஒன்று, சோளா பூரிக்கும் நானுக்கும் நடுவில் ஒரு ஜென்மம், தட்டு அகலத்துக்குப் பொரித்து மேலே பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த கெட்டிக் க்ரீம் பூசி, சீஸ் துருவிப் போட்டுத் தருவார்கள். அந்த மூன்றோடு நிறுத்திக்கொள். மாடியில் ஆலிவ், சோளம், அது இது என்று கேட்டுக்கொண்டே அடுக்குவார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு, கடைசியில் பில்லைப் பார்த்தால் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். எண்ணெயில் பொரித்ததா, பன்றிக் கொழுப்பில் பொரித்ததா என்று கேட்டுவிடு. கொழுப்புக்கு ஜீர் என்று பெயர். இந்த ஒரு வார்த்தையைத்தான் சைவக்காரர்கள் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் கறி இல்லாத பண்டத்திலும் அது இருக்கும். பொகாச்சா என்று உப்பு பன் ஒன்று எல்லா பேக்கரியிலும் இருக்கும், சீஸ் போட்டது வாங்கு, தெபெர்த்யூ போட்டது வேண்டாம், அது பன்றிக் கொழுப்பு வறுவல்.

ஃபோசெலேக் கிடைத்தால் விடாதே. நம்ம கூட்டுதான். பருப்பு, கீரை, பூசணி, உருளை என்று ஏதாவது ஒன்றை வேகவைத்து மாவும் க்ரீமும் விட்டுக் கெட்டியாக்கியது, மேலே கறித்துண்டுக்குப் பதில் பொரித்த முட்டை வைக்கச் சொல்லலாம். வாரநாளில் சின்ன சாப்பாட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சனிக்கிழமை அதில் பல கடைகள் இருக்காது, அதனால் அதை நம்பி வராதே. ரேத்தெஷ் என்ற மெல்லிய மாவுச் சுருள் சந்தைக்குள்ளேயே சுடச்சுட இருக்கும், ஆப்பிள், புளிப்புச் செர்ரி, பன்னீர் மாதிரியான தூரோ, முட்டைக்கோஸ்கூட. முட்டைக்கோஸ் இனிப்புக் கடையில் என்ன செய்கிறது என்று யோசிக்காதே, மிளகுத்தூள் போட்டிருக்கும், நம்ம நாக்குக்கு அதுதான் சரி.

அப்புறம் கசகசா. மலிவுதான், இந்த ஊரில் கேக்கிலும் நூடுல்ஸிலும் அள்ளிப் போடுகிறார்கள், வாங்கி வியன்னாவில் குருமா வைத்துச் சாப்பிடு, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் துபாய் வழியாக எடுத்துக்கொண்டு போகவே போகாதே. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவே தடை செய்த பொருள், சிங்கப்பூரிலும் அப்படித்தான். சமையல் சாமான் என்று சொல்லி அங்கே தப்பிக்க முடியாது. அம்மாவிடம் ஃபோனில் சொல்லிவிடு.

மோர்மிளகாய்:

மேலே அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார், மிளகாய்த்தூள் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சூடுபட்டவள் நான்.

அங்கே விற்கும் பாப்ரிகாத் தூள் நம்ம மிளகாய்த்தூள் இல்லை. பாக்கெட்டில் ஏதேஷ் என்று இருந்தால் இனிப்பு வகை, காரமே இருக்காது. சீப்போஷ் அல்லது எரோஷ் என்று இருந்தால் காரம், ஆனால் அதுவும் குண்டூர் மிளகாய் சாப்பிட்டவர்களுக்குக் காரம் என்று சொல்ல முடியாது. காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்துக்குப் போடுவோமில்லையா, அதோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும், வாசனை மட்டும் வேறு, கொஞ்சம் இனிப்பாக, வெயிலில் காய்ந்த பழம் மாதிரி. கலோச்சா, செகெட் என்று இரண்டு ஊர்ப் பெயர் பாக்கெட்டில் இருக்கும், இரண்டுமே பாப்ரிகாவுக்குப் பேர்போன ஊர்கள். அம்மா சாம்பாருக்கு என்று கேட்டால் ஒரு கிலோ வாங்குவது வீண். இருபது தெக்கா போதும்.

அதை நம்ம மாதிரி காய்ந்த எண்ணெயில் போட்டால் முடிந்தது கதை. முதல் தடவை நான் உருளைக்கிழங்கு வறுவலுக்கு எண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடித்த கையோடு இதை ஒரு கரண்டி போட்டேன், "உஸ்" என்று சத்தம் கேட்டது, நான் உருளையை எடுப்பதற்குள் காப்பிப்பொடி நிறம், வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. அதில் சர்க்கரைச் சத்து அதிகம், அதனால் சட்டென்று கருகிக் கசந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் வெங்காயத்தை வதக்கி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் தூளைப் போடுகிறார்கள், ஒரு கிளறு கிளறி உடனே தண்ணீர் விடுகிறார்கள். அப்படிச் செய்தால் எண்ணெய் முழுக்கச் சிவந்து குழம்பு மேலே மிதந்து நிற்கும், அந்த நிறத்துக்கே இன்னும் ஒரு கவளம் சாப்பிடலாம்.

பிப்ரவரி வரை கெடாது, ஆனால் வெளிச்சம் படாமல் வை. துணிப்பையில் போட்டு ஜன்னலோரம் அழகுக்கு வைத்தால் நிறம் செத்துவிடும். காரம்தான் வேண்டுமென்றால் தூளை விட்டுவிட்டு எரோஷ் பிஷ்தா என்று ஒரு பாட்டில் இருக்கிறது, மிளகாயை உப்புப் போட்டு அரைத்த விழுது, சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். இஷ்த்வான் என்ற பெயரைச் செல்லமாகப் பிஷ்தா என்பார்கள், ஆக "பலசாலி பிஷ்தா". நம்ம ஊரில் "பெரிய பிஸ்தாவோ" என்போமே, அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட ஒன்று ஐரோப்பாவில் எனக்குக் கிடைக்கவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல், சாதத்தில் உப்புப் போடாதீர்கள்.

ஏமாந்த_சோணகிரி:

குங்குமப்பூ மலிவு என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். "ஹங்கேரி குங்குமப்பூ" என்று எனக்கு ஒரு கடையில் ஒரு கைப்பிடி கொடுத்தார்கள், விலையைக் கேட்டதும் நாம்தான் புத்திசாலி என்று இரண்டு பை வாங்கினேன். வீட்டில் பாலில் போட்டால் மஞ்சள் இறங்குகிறது, வாசனை மட்டும் வரவில்லை. அது குசும்பாப் பூ. என் மாமியார் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டார், அதற்குத் திட்டியிருக்கலாம்.

சொல்_தோண்டி:

சாப்பாட்டு இழையில் பாடம் நடத்துகிறான் என்று திட்டாதீர்கள், இரண்டே பத்தி.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, நமக்குப் போர்ச்சுக்கீசியர்கள் வழியாக வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு, அதனால் புதிதாக வந்ததை மிளகு + காய் என்று கூப்பிட்டோம். ஹங்கேரிக்காரர்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துருக்கியர் காலத்தில் வந்தது, முதலில் "துருக்கி மிளகு" என்றே பெயர். பாப்ரிகா என்ற சொல்லும் தெற்கு ஸ்லாவிய மொழிகளில் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக இரண்டு ஊர்க்காரர்களும் வந்த விருந்தாளிக்குப் பழைய விருந்தாளியின் பெயரையே வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, செகெட் நகரத்தில் ஆல்பர்ட் சென்ட்-ட்யோர்ட்யி என்ற விஞ்ஞானி வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தது பாப்ரிகாவிலிருந்துதான், 1937-ல் நோபல் பரிசு வாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனைவி பாப்ரிகா வைத்தார், சாப்பிடப் பிடிக்காமல் அதை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நாம் தட்டில் காயை ஒதுக்கினால் அடி விழுந்தது, அவருக்கு நோபல் விழுந்தது.

பெஸ்ட்_பக்கம்:

சொல்_தோண்டி வந்துவிட்டாரா, இழை உருப்பட்டது. தங்கச்சி, இரண்டு விஷயம் விட்டுவிட்டேன். ஒன்று, இந்த மொழியில் தனியாக வரும் எஸ் எழுத்தை "ஷ்" என்றும், எஸ்-ஸோடு இஸட் சேர்ந்து வந்தால் "ஸ்" என்றும் படிக்க வேண்டும். இரண்டு, கையில் மினரல் வாட்டர் பாட்டில் காலியானால் எறியாதே, 2024-லிருந்து பாட்டிலுக்கு ஐம்பது ஃபோரின்ட் டெபாசிட், சூப்பர்மார்க்கெட் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும், பாட்டிலை நிரப்பிக்கொண்டால் போதும்.

அரைவயிறு:

போய்விட்டு வந்தாயிற்று! எழுதுகிறேன் என்று சொல்லி நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும், ஒரு அசைன்மென்ட் கழுத்தைப் பிடித்தது.

விடிகாலை ரயில் பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் சந்தை வாசலில் நின்றோம். டிக்கெட்டில் முத்திரை குத்தினோம், மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு தடவை சரிபார்த்தோம், அன்று பார்த்துப் பரிசோதகர் ஒருத்தரும் வரவில்லை. உள்ளே நுழைந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை, கடைகளின் நெற்றியில் தோரணம் மாதிரி காய்ந்த மிளகாய்ச் சரம் தொங்குகிறது, அக்டோபர் என்பதால் புதுச் சரம் போல, நல்ல ரத்தச் சிவப்பு. பக்கத்திலேயே வெளிர் மஞ்சளில் பெரிய பெரிய மிளகாய் குவிந்திருக்கிறது, நான் பஜ்ஜி மிளகாய் என்றே நினைத்தேன். அது உள்ளே கறியும் அரிசியும் அடைத்து வேகவைப்பதற்காம். அதற்குப் பக்கத்தில் உருண்டையாகச் செர்ரிப் பழம் அளவுக்குச் சிவப்பு மிளகாய், சத்தியமாக நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாய் காயவைக்காமல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

சரி, அதில் இருபது தெக்கா வாங்குவோம் என்று கடைக்காரம்மாவிடம் போனேன். ரயிலிலேயே எண்கள் எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் என் அப்பாவின் சித்தி மாதிரியே இருந்தார், தலையில் துணி கட்டி, இடுப்பில் காசுப் பை, யாரைப் பார்த்தாலும் "இவள் வாங்க வந்தவளா, சும்மா பார்க்க வந்தவளா" என்று அளக்கிற கண். நான் வணக்கம் சொல்லிவிட்டு "ஹூஷ் தெக்கா" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் இன்னும் சத்தமாக "ஹூஷ் தெக்கா" என்றேன். அவர் மிளகாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் எதிர் வரிசையில் பன்றித்தொடை தொங்குகிற கடையைக் கையைக் காட்டினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி மறுபடியும் அதையே சொல்கிறேன். என் போலந்துத் தோழி ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஹூஸ் என்றால் இருபது, ஹூஷ் என்றால் கறி. அண்ணா, அந்த "ஷ்" விஷயத்தைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னீர்களே, அதை முதல் வரியில் சொல்லியிருக்கக் கூடாதா. ஜென்மத்தில் கறி தொடாதவள் பெரிய சந்தை நடுவில் நின்று கறி, கறி என்று கத்தியிருக்கிறேன்.

கடைசியில் இரண்டு கையையும் விரித்து இரண்டு தடவை காட்டினேன். அந்த அம்மா "ஹூஸ்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிக் காட்டி, என்னையும் சொல்ல வைத்து, சரியாகச் சொன்ன பிறகுதான் தராசில் போட்டார். எடை போட்டு முடித்து மேலே இரண்டு மிளகாய் சும்மா போட்டார். கொசுறு எல்லா ஊரிலும் இருக்கிறது.

லாங்கோஷ் மாடியில் ஒன்று வாங்கி மூன்று பேர் பிய்த்துச் சாப்பிட்டோம், பூண்டு, க்ரீம், சீஸ் அவ்வளவுதான், "வேறு என்ன, வேறு என்ன" என்று கேட்டவரிடம் நாலு தடவை போதும் என்றேன். ஜீர் என்று கேட்டேன், இல்லை என்று எண்ணெய் டின்னையே தூக்கிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு அதைவிட முட்டைக்கோஸ் ரேத்தெஷ் பிடித்தது. மிளகு வாசனையோடு சுடச்சுட, உள்ளே வதக்கிய முட்டைக்கோஸ், நம்ம ஊர் டீக்கடையில் வைத்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுப்பில் சுட்ட பூசணித் துண்டு விற்றார்கள், அதையும் வாங்கினேன், சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குத் தம்பி. ஃபோசெலேக் கிடைக்கவில்லை, நீங்கள் சொன்ன மாதிரியே நான் பார்த்த ஒரு கடை பூட்டியிருந்தது. சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டில் தூரோ ரூடி வாங்கிச் சாப்பிட்டேன், சிவப்புப் புள்ளி போட்ட உறையில், சில்லென்று, வெளியே சாக்லேட், உள்ளே புளிப்பான பன்னீர். முதல் கடியில் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன், மூன்றாவது வாங்கும்போது அந்த எண்ணம் போயிருந்தது.

அம்மாவுக்கு ஏதேஷ் இருபது தெக்கா, எனக்குக் காரம் பத்து தெக்கா, எரோஷ் பிஷ்தா இரண்டு பாட்டில், குருமாவுக்குக் கொஞ்சம் கசகசா. இனிப்பு வகை, கார வகை இரண்டையும் விரல் நுனியில் வைத்துச் சுவைக்கக் கொடுத்தார் பாப்ரிகாக் கடைக்காரர். காரம் என்று அவர் கொடுத்ததைச் சப்பிவிட்டு நான் சும்மா நின்றதைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றதும் "ஆ" என்று கையை உதறினார். எல்லாம் சேர்த்து 13,400 ஃபோரின்ட் ஆனது, நாற்பது யூரோவுக்குள்தான் அடங்கியது. அம்மாவிடம் கசகசாவைச் சொன்னேன். "அப்ப துபாய் வழியா ஏன் வர்ற?" என்கிறாள். அந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு முட்டாள்தனம். அடித்தளத்தில் முகம் செதுக்கிய ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்கினேன், மிளகாய்க்குக் கண் வைத்து, முட்டைக்கோஸ் முடி வைத்திருந்தது. ரயில் வரும்வரை பொறுமை இல்லாமல் பிளாட்பாரத்திலேயே திறந்து ஒரு வெள்ளரியை எடுத்துத் தின்றுவிட்டு மூடினேன், சரியாக மூடவில்லை. எல்லை தாண்டுவதற்குள் பை முழுக்கக் காடித் தண்ணீர். என் வகுப்பு நோட்டைத் திறந்தால் இன்னும் புளியோதரை வாசனை வருகிறது, பக்கத்தில் உட்காரும் பையன் இடம் மாறிவிட்டான்.

மோர்மிளகாய்:

ஹூஷ் தெக்காவைப் படித்துவிட்டு ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தக் குண்டு மிளகாயை என்ன செய்தீர்கள்? காம்போடு கீறி மோரில் ஊறப்போட்டால் மோர்மிளகாய் ஆகும் என்று என் பெயருக்காகவாவது சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் வியன்னாவில் அக்டோபரில் எங்கே வெயில்.

அரைவயிறு:

அதேதான் பிரச்சினை அக்கா. ஹீட்டர் மேலே தட்டில் பரப்பி வைத்திருக்கிறேன், இரண்டு நாளில் சுருங்க ஆரம்பித்துவிட்டது, பார்ப்போம். பாதியைக் காடியில் போட்டுவிட்டேன்.

பெஸ்ட்_பக்கம்:

ஜாடியில் மிச்சமிருந்த புளித்தண்ணியைக் கொட்டிவிட்டாயா? அதில் வெங்காயம் நறுக்கிப் போட்டு வைத்தால் ஒரே நாளில் நன்றாக ஊறியிருக்கும்.

அரைவயிறு:

கொட்டவில்லை அண்ணா, போலந்துத் தோழி குடித்துவிட்டாள். அவர்கள் ஊரில் அது சகஜமாம், ஜாடியைத் தூக்கிக் கடகடவென்று. முகம் செதுக்கிய மிளகாய் மட்டும் அடியில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதைச் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை.